ஓடின நோ

அந்தச் சனிக்கிழமை றொகானைக் கடலுக்கு விடுவதில்லை என்று யோசப்பின் ஒரு மாதத்துக்கு முன்னமே நினைத்து வைத்திருந்தாள். நினைத்து என்ன? குருநகரில் அவர்களுடைய ஒழுங்கையின் முடிவில் ஒரு லூர்து மாதா கெபி, சின்னக் கற்குகைக் கோயில், இருக்கிறது. கெபிப் பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை அந்த ஒழுங்கைப் படகுகள் எல்லாம் மாதாவுக்காகத் தொழிலுக்குப் போகும். அன்றைய உழைப்பில் ஒரு சதமும் வீட்டுக்கு வராது, முழுக்கக் கெபிக்குத்தான். மற்ற நாளில் காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுக்கலாம், சாட்டுச் சொல்லலாம். அன்றைக்கு மட்டும் காய்ச்சல்காரனும் எழும்பிப் போவான். போகாதவன் வீட்டுப் படலையில் பெருநாளன்று ஊர்வலமாக வருகிற மாதாவின் சுருவம் நிற்காமல் போகும் என்று ஒழுங்கைப் பெண்டுகள் சொல்வார்கள்.

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், யாழ்ப்பாணத்தில் அரை மரதன். இரண்டும் அடுத்தடுத்த நாளில் வந்து விழுந்தது யாருடைய பிழையும் இல்லை.

றொகான் கடலட்டை பிடிக்கிறவன். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பத்து, பன்னிரண்டு பாகம் ஆழத்துக்கு இறங்கி, அடியில் கிடக்கிற அட்டையைக் கையால் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டு வருகிற வேலை. ஒரு பாகம் என்றால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். அந்த ஆழத்திலிருந்து மேலே வருகிறவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடையிடையே நின்று நின்றுதான் வரவேண்டும். அவசரப்பட்டு ஏறினால் உடம்புக்குள் காற்று நின்றுவிடும். மூட்டில் நின்றால் நோ, வலியால் துடிப்பான். முதுகுத்தண்டில் நின்றால் ஆள் முடிந்தான்.

இதை யோசப்பினுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவளுடைய தகப்பன் அருட்பிரகாசம் அப்படி முடிந்த ஆள்தான். அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் அவரைப் படகில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். இடது கால் பிறகு பாதி வந்தது, வலது கால் வரவேயில்லை. மூத்திரம் தானாகப் போகாது. தாய் லூர்த்தம்மா இரண்டு வருடம் பார்த்தாள். பிறகு அவளும் மார்பில் கட்டி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தகப்பனின் குழாய், சட்டி, படுக்கைப் புண் எல்லாம் யோசப்பினுடைய கைக்கு வந்தன. குமர்ப்பிள்ளை தகப்பனைக் கழுவித் துடைக்கிறது என்றால் சும்மா காரியமா? அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டே துடைப்பாள்.

இப்போது அவர் தடியும் இழுத்த காலுமாக நடக்கிறார். வலது பாதம் நிலத்தில் விழுகிறபோது சட், சட் என்று ஒரு சத்தம் கேட்கும். ஒழுங்கை முகப்பில் அவர் வரும்போதே அடுப்படியில் நிற்கிற அவளுக்குத் தெரிந்துவிடும். இனி ஒரு ஆம்பிளைக்கு இந்த வேலை செய்வதில்லை என்று அவள் மாதாவின் காலடியில் சத்தியம் பண்ணியவள். சத்தியம் பண்ணிய கையோடு இன்னொரு அட்டைக்காரனை விரும்பிக் கட்டினாள். விருப்பம் வந்த இடத்தில் புத்தி எங்கே நிற்கும்?

அதனால்தான் அவளுக்கு அந்த ஓட்டம் பெரிதாக இருந்தது. றொகானுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஓட்டம். தொழிலில்லாத காலைகளில் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி வரைக்கும் ஓடிவிட்டு வருவான். உரும்பிராயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற செல்வரட்ணம் மாஸ்டர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், ஒருநாள் அவனை மறித்துப் பேர் கேட்டார். அதற்குப் பிறகு அவர் விடவில்லை. கொழும்பில் ஒரு கொம்பனி ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுத்துத் தன் அணியில் ஓடவிடுகிறதாம். அங்கே மாஸ்டரின் பழைய மாணவன் ஒருவன் பெரிய இடத்தில் இருக்கிறான்.

"ஒண்டேகால் மணித்தியாலத்துக்குள்ளை வரட்டும், மிச்சத்தை நான் பாப்பன்," என்று மாஸ்டர் ஒருநாள் வாசலில் நின்று சொன்னார். "கொம்பனி ஆள் பாக்க வாறார். போன வருசம் தம்பி ஓடினது ஒண்டு பதினேழு. அதுதான் அவற்றை ஆகத் திறமான நேரம். ரெண்டு நிமிசத்தைக் குறைச்சால் காணும். பிள்ளை, நீரும் கூடக் கொழும்புக்குப் போகலாம்."

"அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமோ, மாஸ்டர்?"

"ஏன் போகேலாது? முதல்லை இவர் ஓடட்டும்."

அந்த இரண்டு நிமிடத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. விடியப்புறம் எழும்பி அவித்த முட்டையும் புட்டும் வாழைப்பழமும். பின்னேரம் ஒடியல் மாக் கரைத்துக் கூழ், அதற்குள் நண்டும் பயத்தங்காயும். அவனுடைய சப்பாத்தின் அடி தேய்ந்தபோது தன்னுடைய தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். றொகானும் குறைவைக்கவில்லை. கடலால் வந்த உடம்போடு, கண் சிவந்தபடி, பண்ணைப் பக்கம் போய்விடுவான்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில்தான் அவள் கதையை எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, நாளைக்குப் போகாமல் விடுங்கோவன். மாதாவுக்கு நான் வேறை என்னவும் செய்யிறன்."

"விசர்க்கதை கதையாதை. எங்கடை படகிலை எமில் தனிய என்னெண்டு இறங்கிறது? நான் போகேல்லை எண்டால் பேந்து வெண்டு வந்தாலும், மாதாவை ஏமாத்திப்போட்டு ஓடினவன் எண்டுதான் சொல்லுவினம்."

"அப்ப ஒரு சிலிண்டரோடை ஏறி வாங்கோ."

"ஓம்."

"அஞ்சு மணிக்கு முன்னம் ஓட்டத்துக்கு இலக்கத் துண்டு வாங்க வேணும். ஆள் நேரை போகாட்டில் குடுக்கமாட்டினமாம்."

"ஓம் எண்டுறன். நீ சோத்தைப் போடு."

மூலையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அருட்பிரகாசம் நிமிரவில்லை. "மாதாவின்ரை நாளிலை ஒருத்தனும் ஒரு சிலிண்டரோடை ஏறினதில்லை," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் நாலேமுக்காலுக்கு றொகான் கடலால் வந்து ஈரக் காற்சட்டையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். ஐந்தரைக்கு இலக்கத் துண்டோடு திரும்பி வந்தான். வந்தவன் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே நின்றான். வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து பாயில் இருந்தான்.

"எத்தினை சிலிண்டர்?" என்று யோசப்பின் கேட்டாள்.

"மூண்டு."

"கயித்திலை நிண்டு வந்தனீங்களோ?"

அவன் முகத்தைத் துடைத்தான். "முதல் ரெண்டுக்கும் நிண்டனான். கடைசிக்கு நிண்டிருந்தால் துண்டு கிடையாது. எமில் கத்தினவன். ஒண்டுமில்லை. வியாழக்கிழமை வேகமாய் ஓடினனான் தானே, அண்டைக்கே இந்த முழங்கால் கொஞ்சம் பிடிச்சது. அதுதான் திரும்ப நோகுது."

வியாழக்கிழமை முழங்கால் பிடித்தது உண்மை. அதை அவளிடமும் சொல்லியிருந்தான். யோசப்பின் அந்த வியாழக்கிழமையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நல்லெண்ணெயில் உள்ளியைப் போட்டுச் சூடாக்கிக் கொண்டுவந்து அவனுடைய காலை மடியில் வைத்துத் தேய்த்தாள்.

ஓடின நோ எங்கே இருக்கும் என்று ஒரு வருடமாகத் தேய்த்துவிட்ட அவளுடைய கைக்குத் தெரியும். பெருவிரலால் அமுக்கினால் அவன் துள்ளுவான், பிறகு இளகுவான். அன்றைக்கு அமுக்க அமுக்க அவன் துள்ளவேயில்லை.

"நோகுதோ?"

"நீ அமுக்கிறது தெரியேல்லை. நோ உள்ளுக்கை கிடக்கு. எலும்புக்கை."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.

சட், சட் என்று தகப்பன் வாசலுக்கு வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு மருமகனின் காலைப் பார்த்தார்.

"எத்தினை பாகம்?"

"பன்ரண்டு, மாமா."

"பிள்ளை, எமிலைக் கூப்பிடு. வெளிச்சம் கிடக்கு. திரும்ப இறக்கி அஞ்சு பாகத்திலை பிடிச்சு வைச்சிருந்து, மெள்ள மெள்ள ஏத்தினால் விட்டிடும். எனக்கும் அண்டைக்கு அப்பிடிச் செய்ய ஒரு ஆள் இருந்திருந்தால் நான் இப்பிடி இழுத்துக்கொண்டு திரியேன்."

திரும்ப இறக்குவது அட்டைக்காரர் எல்லாம் செய்கிற வைத்தியம். பலருக்கு விட்டும் இருக்கிறது, சிலர் கீழேயே போயும் இருக்கிறார்கள். இறக்கினால் ஆள் கரைக்கு வரச் சாமமாகும், விறைத்துப்போய் வருவான். விடிய ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லையென்றால் கொம்பனி இல்லை, இன்னொரு வருடம் அட்டை. யோசப்பினுக்கு இதெல்லாம் ஒரு மூச்சில் ஓடியது.

"உது ஓடின நோ, அப்பா. வியாழக்கிழமையே பிடிச்சது."

"ரெண்டும் ஒரு இடத்திலைதான் வரும். எது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

அருட்பிரகாசம் மகளின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "பிடிச்சு விடுறது உன்ரை கைதானே," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். றொகான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். யோசப்பின் எண்ணெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே அவளுக்கு அழுகை வந்தது. ஏன் என்று தன்னையே கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

விடியப்புறம் அவன் கக்கூசுக்குப் போனவன் நெடுநேரம் வரவில்லை. அவள் கதவடியில் போய் நின்றாள்.

"என்னப்பா?"

"வருகுதில்லை. முட்டிக்கொண்டு நிக்குது, வருகுதில்லை." பிறகு அவனே சொன்னான். "ஓட்டத்துக்கு முன்னம் அப்பிடித்தான். பயத்திலை."

"ஓம், பயத்திலைதான்," என்றாள் யோசப்பின். தகப்பனுக்குப் பத்து வருடமாகக் குழாய் மாற்றியவள் அப்படிச் சொன்னாள். முழங்கால் நோ குறைந்துவிட்டது என்று அவன் சொன்னதும் அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வாடைக் காற்று ஓய்ந்த காலம். பண்ணைக் கடல் ஆடாமல் கிடந்தது. இறால் கூட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ஓட்டக்காரரை வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர்ப் போத்தலும் கையுமாக யோசப்பின் பாலத்தின் பட்டணப் பக்கத்து முனையில் நின்றாள். போகிறபோது றொகான் முன்னுக்கு ஓடிய கூட்டத்துக்குள் சிரித்துக்கொண்டுதான் போனான். கால் வடிவாக எழும்பி விழுந்தது. அப்பாடா என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். வேலணைப் பக்கம் போய்த் திரும்பி, இதே பாலத்தால் வந்து, விளையாட்டரங்கில் முடிக்கவேண்டும்.

ஒரு மணித்தியாலம் கழித்து பாலத்தின் மறுமுனையில் மூன்று பேர் தெரிந்தார்கள். முதல் இருவரும் வெளியூர்ப் பெடியன்கள். மூன்றாவது றொகான். அவள் போனில் நேரத்தைப் பார்த்தாள். இருந்தது, நல்லாகவே இருந்தது. இதே வேகத்தில் போனால் ஒன்றேகாலுக்குள் வந்துவிடுவான். நெஞ்சு அடித்த அடியில் அவளுக்குக் காது அடைத்தது.

அடைத்த காதுக்குள்ளும் அந்தச் சத்தம் கேட்டது.

சட், சட்.

முதலில் தகப்பன்தான் நடந்து வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. றொகான் கிட்ட வர வரச் சத்தமும் கிட்ட வந்தது. வலது பாதம் முனை தூக்காமல் தட்டையாகத் தாரில் விழுந்தது. சப்பாத்தின் மூக்கு உரஞ்சிக் கிழிந்திருந்தது. இடுப்பைத் தூக்கித் தூக்கி அந்தக் காலை முன்னுக்கு எறிந்துகொண்டு ஓடினான். அந்த எறிதலை அவள் வீட்டில் பத்து வருடமாகப் பார்க்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனித் தெரியாது என்று சொல்ல ஒரு வியாழக்கிழமையும் மிச்சமில்லை.

றொகான் அவளுடைய முகத்தைப் பார்த்தான். தண்ணீருக்குக் கை நீட்டவில்லை. நேரமும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே வந்தான்.

கையை நீட்டி மறித்திருந்தால் நின்றிருப்பான். இன்னும் இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. ஓடி முடிக்கட்டும், முடித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம், இவ்வளவு நேரம் பொறுத்த கால் இன்னும் கொஞ்சம் பொறுக்காதா என்று பாவி மனம் கணக்குப் பார்த்தது.

"நேரம் இருக்கு," என்று யோசப்பின் சொன்னாள். "ஓடுங்கோ, ஓடுங்கோ."

அவன் ஓடினான்.

அவள் ஓட்டோ பிடித்து விளையாட்டரங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனை ஒரு கூடாரத்துக்குள் பாயில் கிடத்தியிருந்தார்கள். முடிவுக்கோட்டைத் தாண்டி விழுந்தவன் எழும்பவில்லை. இரண்டு பெடியன்கள் ஆளுக்கொரு காலாக ஐஸ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வரட்ணம் மாஸ்டர் அவளைக் கண்டதும் தோளைப் பிடித்தார். மனிசன் அழுதுகொண்டிருந்தார்.

"ஒண்டு பதினாலு, பிள்ளை. ஒண்டு பதினாலு. இது என்ன ஓட்டம். கடைசியிலை ஒரு காலாலை ஓடினவர்."

கொம்பனித் தொப்பி போட்ட ஒரு ஆள் பக்கத்தில் நின்றார். முதலுதவிக்கு நின்ற பெட்டை யோசப்பினைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, இவருக்கு வருத்தம் ஏதும் இருக்கோ? நேற்று ஏதும் நடந்ததோ?"

கொம்பனி ஆளும் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை," என்றாள் யோசப்பின். "களைப்புத்தான்."

கொம்பனி ஆள் குனிந்து றொகானின் கையைக் குலுக்கினார். திங்கட்கிழமை மாஸ்டரோடு கதைக்கிறேன், ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பெட்டையின் கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, இவர் நேற்று அட்டைக்கு இறங்கினவர். பன்ரண்டு பாகம். கெதியா ஏறினவர். காலையிலையிருந்து மூத்திரம் போகேல்லை."

அந்தப் பெட்டை எழும்பி ஓடினாள். தேய்த்துக்கொண்டிருந்த பெடியன்களும் கையை எடுத்துவிட்டார்கள். றொகான் கூடாரத்துச் சீலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அம்புலன்ஸ் வர முன்னம் எமில் வந்துவிட்டான். நேற்று அதே படகில் கூட இறங்கினவன்.

"படகு நிக்குது, தங்கச்சி. சிலிண்டர் ஏத்தியாச்சு. தூக்கு, இறக்குவம்."

"இப்பவோ அண்ணை? கால் ரெண்டும் செத்துப்போச்சு. கீழை என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பார்?"

"நேற்றே இறக்கியிருக்கலாம். நேற்றுப் பின்னேரம் நான் வாறன் எண்டு உன்ரை கொப்பருக்குப் போனிலை சொன்னனான். ஓடின நோவாம், வராதை எண்டவர்."

அதற்குள் அம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, காற்றை அமுக்கி வைத்தியம் செய்கிற அறை இருக்கிற இன்னொரு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர இருட்டிவிட்டது. அந்த அறைக்குள் பல நாள் வைத்தார்கள். இடது காலின் பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. அதற்கு மேல் வரவில்லை. இன்னும் முந்தி வந்திருந்தால் என்று தொடங்கிய டொக்டர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆறு கிழமைக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அருட்பிரகாசம் தன்னுடைய கட்டிலை இழுத்துச் சுவர்ப் பக்கம் போட்டுவிட்டு, காற்று வருகிற யன்னலடியை மருமகனுக்கு விட்டிருந்தார். பெருநாளன்று மாதாவின் சுருவம் அவர்களுடைய படலையில் நின்றதாம். மாதாவின் நாளில் தொழிலுக்குப் போனவன் வீடு என்று பங்குச் சுவாமி கூடுதலாக ஒரு செபமும் சொன்னாராம். அருட்பிரகாசம்தான் அதைச் சொன்னார். செல்வரட்ணம் மாஸ்டர் ஒருமுறை வந்தார். பதக்கத்தை மேசையில் வைத்தார், தேத்தண்ணி வேண்டாம் என்றார், றொகானின் காலைப் பார்க்காமல் கதைத்துவிட்டுப் போனார்.

பின்னேரங்களில் யோசப்பின் வெந்நீர் வைத்து அவனைத் துடைப்பாள். முதுகைப் புரட்டிப் புண் வருகிறதா என்று பார்ப்பாள். எந்தப் பக்கம் சரித்தால் நோகாது, குழாயை எப்படிப் பிடித்தால் இழுபடாது என்று அவளுடைய கைக்கு எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரித் தாதிமார்கூட மெச்சினார்கள். அவளுக்கு அந்த மெச்சல் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அன்றைக்கும் அப்படித் துடைத்துக்கொண்டிருந்தாள். றொகான் சுவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"பாலத்தடியிலை என்ரை காலைப் பாத்தனியெல்லே?"

அவள் துவாயைப் பிழிந்தாள். "ஓம்."

"அது எந்த நோ எண்டு தெரிஞ்சதோ?"

"ஓம்."

அவன் கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை.

"எனக்கு வேலணையிலையே தெரியும், யோசப்பின். கால் நிலத்திலை படுறது தெரியேல்லை. நிப்பம் எண்டு பாத்தன், நிக்க மனம் வரேல்லை. பாலத்தடியிலை நீ நிப்பாய், நீ 'நில்லுங்கோ' எண்டு சொன்னால் நிப்பம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான். அதுக்குத்தான் உன்ரை முகத்தைப் பாத்தனான்."

யோசப்பினுடைய கையிலிருந்த துவாய் தண்ணீருக்குள் விழுந்தது. அவள் குனிந்து துவாயை எடுத்து, பிழிந்து, அவனுடைய வலது காலை மடியில் தூக்கி வைத்துத் துடைக்கத் தொடங்கினாள். அவன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பிள்ளை," என்று மற்றக் கட்டிலிலிருந்து அருட்பிரகாசம் கூப்பிட்டார். "அவன்ரை முடிஞ்சால் அந்தச் சட்டியை இஞ்சாலையும் கொண்டா."

"வாறன், அப்பா," என்றாள் யோசப்பின்.